நான் ஊரை விட்டுப் போன பிறகும் பெண்கள் படிப்பு வட்டம் நடக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குளத்தங்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. வயது 25. இரண்டு வருடமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் வாரம் மூன்று நாள், இரவு ஏழு மணிக்குப் பெண்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். வகுப்பு என்று சொல்லப் பிடிக்கவில்லை, அதனால் வட்டம் என்கிறோம்.

இது திட்டம் போட்டு ஆரம்பித்தது இல்லை. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் தன்னார்வலராக இருந்தபோது, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள் சிலர் போகாமல் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒரு அக்காவிடம், "கையெழுத்துப் போடச் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டேன். "கையெழுத்தெல்லாம் போடுவேன் பாப்பா. அதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியாது" என்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் எத்தனை பேர் எத்தனை காகிதத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்!

அதனால் நாங்கள் பாடப் புத்தகம் வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டில் இருக்கும் காகிதம்தான் பாடம். ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், குழுக் கடன் அட்டை, பட்டா நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு. குழுக் கடன் அட்டையை வாசிக்கும்போது ஒரு அக்கா, தன் கணக்கில் காப்பீடு என்று ஒரு தொகை பிடித்திருப்பதை விரல் வைத்துக் காட்டினார். மூன்று வருடமாகப் பிடித்திருக்கிறார்கள், யாரும் சொல்லவில்லை. மறுவாரம் வசூலுக்கு வந்தவரிடம் ஏழு பேர் சேர்ந்து ரசீது கேட்டார்கள்.

அதுவரை ஊரில் யாருக்கும் எங்களால் தொந்தரவு இல்லை. அதற்கு அப்புறம், குடும்ப வன்முறைச் சட்டம் பற்றி ஒருநாள் பேசினோம். மறுநாளே ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "என் பொண்டாட்டிக்குச் சட்டம் சொல்லிக்குடுக்க நீ யாரு?" என்று கத்தினார். 22 பேர் வந்துகொண்டிருந்த இடத்தில் 9 பேர் ஆனார்கள். இப்போது 14 பேர் வருகிறார்கள்.

வரும் ஜூனில் வேலைக்காகத் திருச்சி போகிறேன். வாராவாரம் வர முடியாது. நான் இல்லாவிட்டால் இது ஒரு மாதம்கூடத் தாங்காது என்று பயமாக இருக்கிறது. இதற்கு முன் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செந்தில்_அரியலூர்

நல்ல வேலை செய்கிறீர்கள் சகோதரி. நானும் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எழுத்தை மட்டும் சொல்லித் தாருங்கள். எழுத்து வந்துவிட்டால் மற்றதெல்லாம் அவர்களே தெரிந்துகொள்வார்கள். பெண்ணியம், சட்டம் என்று போனால் ஆண்கள் அனுப்ப மாட்டார்கள். 22 பேர் 9 ஆனது அதனால்தானே? கொஞ்சம் பொறுமையாகப் போனால் 22 பேரும் எழுதப் படிக்கக் கற்றிருப்பார்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

தேன்மொழி_வழக்கறிஞர்

>எழுத்தை மட்டும் சொல்லித் தாருங்கள்

செந்தில் அண்ணா, எந்த எழுத்தை? அந்தக் கடன் அட்டையில் இருந்த "காப்பீடு" என்ற சொல்லும் எழுத்துதானே. அதை வாசித்த பிறகு ரசீது கேட்காதே என்று எப்படிச் சொல்வது?

குளத்தங்கரை, சட்டம் பற்றி ஒரு விஷயம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பல பெண்கள் அதைக் கேட்டதும் பயப்படுவதற்குக் காரணம், "புருஷனை ஜெயிலில் போடும் சட்டம்" என்று நினைப்பதுதான். அது முதலில் உரிமையியல் பாதுகாப்புக்கான சட்டம். அடிக்காதே என்று உத்தரவு வாங்கலாம், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம், ஜீவனாம்சம் கேட்கலாம். அந்த உத்தரவை மீறினால்தான் தண்டனை. காவல் நிலையம் போகாமலே மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். இதை இப்படிச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-ம் பிரிவு. என்னிடம் வருகிற படித்த பெண்களுக்கே இது தெரியவில்லை. பெண்கள் உதவி எண் 181-ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அவர்களே நோட்டில் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

வாடகை_சைக்கிள்

தங்கச்சி, உன் பதிவை மூன்று தடவை படித்தேன். பதில் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்.

1991-ல் எனக்கு 18 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்துக்கு வந்தது. 1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்திருந்தார்கள். நம்மாலும் முடியும் என்ற வேகம் எல்லோரிடமும் இருந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்கள், ஆசிரியர்கள், கலைக்குழுக்காரர்கள் என்று ஒரு பெரும் கூட்டமே இறங்கி வேலை செய்தது. எங்களுக்குச் சம்பளம் கிடையாது. அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, சாக்பீஸ், அவ்வளவுதான். அனா, ஆவன்னாவில் நாங்கள் தொடங்கவில்லை. "பட்டா" என்ற சொல்லில் தொடங்கினோம். நிலமே இல்லாத பெண்கள் முதன்முதலாக எழுதிய சொல் அது. "இது எனக்கு எப்பம்மா வரும்?" என்று ஒரு பாட்டி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. செந்தில் தம்பிக்கும் இதைத்தான் சொல்கிறேன். அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்துவிட்டு அந்தக் கேள்விக்கு வாயை மூடிக்கொள்ள முடியாது.

அப்போது நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்ற கதை எல்லோருக்கும் தெரியும். அது ஏன் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. பெண்கள் வெளியே போய்வர முடியாவிட்டால் எழுத்தறிவு நிலைக்காது என்று கலெக்டர் நினைத்தார். அதனால் சைக்கிள் ஓட்டுவதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு ஆனது. நான் கற்றது வாடகை சைக்கிளில்தான். சாயங்காலம் பொட்டலில் நாங்கள் விழுந்து எழுந்ததை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். காது கூசுகிற மாதிரிப் பேசுவார்கள். கல்குவாரியில் உடைப்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நர்ஸ்கள், பட்டை தீட்டுகிற பெண்கள் என்று எல்லோரும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி நடந்த போட்டிகளிலும் காட்சிகளிலும் 70,000 பேருக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே விரும்பினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம், பின்னால் தண்ணீர்க் குடம் கட்டலாம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

பாடம் நடத்த எனக்கு இரண்டு குடியிருப்புகள் கொடுத்தார்கள். முதல் ஊரில் எல்லாம் நானே செய்தேன். விளக்குத் துடைப்பது, ஆள் கூப்பிடுவது, பாடம் எடுப்பது, பதிவேடு எழுதுவது. ஒருநாள்கூடத் தவறவில்லை. மாவட்டத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாவது ஊர் தூரம். மழை வந்தால் போக முடியாது, பஸ் கிடையாது. நான் போகாத நாட்களில், என்னிடம் இரண்டு பாடம் படித்து முடித்த மூன்று பெண்கள் அவர்களாகவே விளக்கேற்றி உட்காரவைத்தார்கள். தப்புத் தப்பாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது.

1992-ல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அப்புறம் கலெக்டர் மாறினார், வேகம் குறைந்தது, மண்ணெண்ணெய் வருவது நின்றது. 1994-ல் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் பிரமாதமாக நடத்திய முதல் ஊர் ஒரே மாதத்தில் நின்றுவிட்டது. அந்த இரண்டாவது ஊர் நிற்கவில்லை. அந்த மூன்று பேரும் சீட்டுப் போட ஆரம்பித்தார்கள், பிறகு சங்கம் ஆனார்கள், சாராயக் கடைக்கு எதிராகப் போய் நின்றார்கள். எழுத்துகூட அங்கே பலருக்கு மறந்துபோனது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடி உட்காரும் பழக்கம் போகவில்லை. பத்து வருடம் கழித்துப் போனபோதும் உட்கார்ந்திருந்தார்கள்.

சைக்கிளை யாரும் மறக்கவில்லை, எழுத்தை மறந்தார்கள். ஏனென்றால் சைக்கிளைத் தினமும் மிதித்தார்கள். உன் திண்ணையில் காகிதம் வாசிப்பது தினமும் மிதிக்கிற மாதிரி. அந்த வகையில் நீ எங்களைவிடச் சரியாக ஆரம்பித்திருக்கிறாய். ஆனால் நீ இல்லாத நாள் எத்தனை என்று சொல். ஜூன் வரை காத்திருக்காதே. வருகிற வாரமே ஒருநாள் வேண்டுமென்று போகாமல் இரு.

அறந்தாங்கி_பையன்

அக்கா, என் அம்மாவும் அந்த 1992-ல் ஓட்டியவர். இன்றைக்குத்தான் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டேன்.

காலனித்தெரு

எல்லாரும் திண்ணை திண்ணை என்று எழுதுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன், குளத்தங்கரை தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் திண்ணை எந்தத் தெருவில் இருக்கிறது? அந்த 14 பேரில் காலனியிலிருந்து எத்தனை பேர்?

குளத்தங்கரை

ஒருவரும் இல்லை.

இதை எழுத ஒரு நாள் ஆனது. எங்கள் வீடு ஊர்த்தெருவில். எல்லோரும் வரலாம் என்று முதல் நாளே சொன்னேன். காலனிக்கும் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள், வரவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

காலனித்தெரு

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. எங்கள் அம்மா இப்படித்தான் ஒரு தையல் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள் என்று போனார். திண்ணைக்குக் கீழே தனியாகச் சாக்கு விரித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசவில்லை. எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். அம்மா மறுநாள் போகவில்லை. கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்று சொல்லிவிட்டார்.

எல்லாரும் வரலாம் என்று சொன்னால் போதாது. உங்கள் திண்ணையில் ஏறும்போது எங்கள் ஆட்கள் உங்கள் அப்பா முகத்தைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். அதே நேரம் காலனியில் வைத்தால் உங்கள் தெருப் பெண்கள் வர மாட்டார்கள். பொது இடம் வேண்டும். அங்கே உட்கார யாரும் யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது. இதைச் சரிசெய்யாமல் யார் கையில் ஒப்படைப்பது என்று பேசுவது வீண். நீங்கள் போனதும் அது உங்கள் தெருக்காரர் வட்டமாகவே முடிந்துவிடும்.

செந்தில்_அரியலூர்

இந்தப் பதில்களைப் படித்த பிறகு என் முதல் பதிவை மாற்றிக்கொள்கிறேன். எழுத்தை மட்டும் என்று சொன்னது தவறு. ஆனால் என் பயம் அப்படியே இருக்கிறது. ஒரே சமயத்தில் சட்டமும் பேசி, சாதியும் பேசி, இடத்தையும் மாற்றினால் 14 பேர் 4 பேர் ஆகிவிடுவார்களே? அந்த நான்கு பேரை வைத்து என்ன செய்வது?

வாடகை_சைக்கிள்

தம்பி, அந்த இரண்டாவது ஊரில் மூன்று பேர்தான்.

நூர்_புதுகை

நானும் புதுக்கோட்டைதான். எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும் ஒரு கதை இது.

தாவூத் ஷரீஃபா கானம் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளம் வயதில், 1988-ல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பு உதவிக்காகப் போனவர். மற்ற பெண்கள் பேசுவதை வேறு மொழிக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலை. அடி வாங்கிய பெண்கள், துரத்தப்பட்ட பெண்கள் பேசியதையெல்லாம் தன் வாயால் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. புதுக்கோட்டையில் ஸ்டெப்ஸ் என்ற அமைப்பைக் கட்டினார். எல்லா சாதி, மதப் பெண்களும் உதவி கேட்டு வந்தார்கள்.

முஸ்லிம் பெண்கள் வரும்போது ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வந்தது. தலாக் என்ற மணவிலக்கு, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர், வரதட்சணை எல்லாவற்றுக்கும் ஊர் முஸ்லிம்களின் சபையான ஜமாத்தில்தான் பஞ்சாயத்து. ஜமாத் கூடுவது பள்ளிவாசலில், அங்கே பெண்ணுக்கு இடம் இல்லை. அவளைப் பற்றிய விசாரணையில் அவள் சார்பாக அப்பாவோ அண்ணனோ பேசுவார். என் பெரியம்மாவின் தலாக் அப்படித்தான் முடிந்தது. அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது முடிவு சொல்லி அனுப்பினார்கள்.

2000-களின் தொடக்கத்தில் ஷரீஃபா கானமும் அவரோடு இருந்த பெண்களும் தங்களுக்கென்று ஒரு பெண்கள் ஜமாத்தையே ஆரம்பித்தார்கள். அவர்களே மனு வாங்கினார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள், குர்ஆன் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுப் பேசினார்கள். உடனடி முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 ஆகஸ்டில். இவர்கள் அதற்குப் பல வருடம் முன்பே அதை எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பற்றித் தீபா தன்ராஜ் எடுத்த ஆவணப்படம் 2011-ல் வந்தது. அதைப் பார்த்தால் தெரியும், மேடைப் பேச்சாளர்கள் யாரும் இல்லை. பையில் காகிதக் கட்டு வைத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போகும் சாதாரணப் பெண்கள்.

காலனித்தெரு சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். அவர்கள் முதலில் ஜமாத்துக்குள் இடம் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை என்றதும், உட்காரத் தங்களுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது பலர் சிரித்தார்கள். எனக்கு அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை, இந்த இழையைப் படிக்கும்போது புரிகிறது.

தேன்மொழி_வழக்கறிஞர்

நூர், நன்றி. இடம் பற்றிப் பேசுகிறபோது நம் மாவட்டத்திலேயே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி நினைவு வருகிறார். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு வந்தபோது மன்னர் அனுமதி கொடுத்தார். பையன்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். டாக்டர் ஆகி, சென்னை மாகாணச் சட்டசபைக்கும் போய், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். அந்த முறையிலிருந்து வெளியே வந்த சிறுமிகளைச் சேர்க்க எந்த விடுதியும் தயாராக இல்லை என்றபோது தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் ஊரில் அரசுத் தொடக்கப்பள்ளி இருக்கிறதா? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். காலனிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில்தான் படிப்பார்கள். அந்தக் குழுவிலிருக்கும் அம்மாக்கள் தீர்மானம் போட்டு, மாலை நேரத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்கலாம். தலைமை ஆசிரியர் மறுத்தாலும் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

குளத்தங்கரை

பள்ளி இருக்கிறது. இதை நான் ஏன் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. முயற்சி செய்துவிட்டு எழுதுகிறேன். வாடகை_சைக்கிள் அக்கா, சொன்னபடி வியாழக்கிழமை வேண்டுமென்றே போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் வந்தார்கள், கால் மணி நேரம் பேசிவிட்டுக் கலைந்துபோனார்கள். அழுகை வந்துவிட்டது.

வாடகை_சைக்கிள்

அழாதே. ஐந்து பேர் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வியாழனும் போகாதே. அதற்கு முன்னால் ஒருவரிடம், "நாளைக்கு எந்தக் காகிதம் வாசிக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவை.

குளத்தங்கரை

ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நிறைய நடந்துவிட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் எங்கள் வட்டத்து அக்கா ஒருவரும் காலனியிலிருந்து ஒரு அக்காவும் ஏற்கெனவே இருந்தார்கள். இருவரும் இதுவரை கூட்டத்தில் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆனால் பேசிக்கொண்டதில்லை. அவர்கள்தான் வகுப்பறை கேட்டு எழுதினார்கள். தலைமை ஆசிரியர் முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார். மின் கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டார். மாதம் ஆளுக்குப் பத்து ரூபாய் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

முதல் நாள் காலனியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் என் சித்தி. வீட்டில் பெரிய சண்டை. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

அன்றைக்கு எல்லோரும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. யார் எங்கே உட்காருவது என்று பார்க்க வழியே இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்கும் நேரம் வந்தது. ஒரே குடம், ஒரே டம்ளர். கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. காலனி அக்கா எழுந்து மொண்டு குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தோம். அப்புறம் என் வட்டத்தில் மிக மூத்தவர், எழுபது வயது இருக்கும், "எனக்கும் ஒரு வாய் குடு ஆத்தா" என்று கையை நீட்டினார். அந்தக் கணம் என் இரண்டு வருட வேலையைவிடப் பெரியது. அதில் நான் செய்தது எதுவும் இல்லை. மறுவாரம் ஒருவர் வீட்டிலிருந்து தனி பாட்டில் கொண்டுவந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது செவ்வாய் காலனி அக்காவும் வியாழன் எங்கள் தெரு அக்காவும் நடத்துகிறார்கள். சனிக்கிழமை மட்டும் நான். அவர்கள் நடத்தும் நாட்களில் தப்பு நடக்கிறது. "தீர்மானம்" என்பதை ஒருவர் கரும்பலகையில் "தீர்மாணம்" என்று எழுதினார். பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் அவரே ஒரு செய்தித்தாளைப் பார்த்துவிட்டுத் திருத்தினார்.

காலனித்தெரு

அந்த டம்ளர் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்.

செந்தில்_அரியலூர்

மே 1 கிராம சபைக்குப் போனீர்களா?

குளத்தங்கரை

போனோம் அண்ணா. 11 பேர். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் முடிந்துவிட்டதால், அரசு நியமித்த தனி அலுவலர்தான் கூட்டத்தை நடத்தினார். கூட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. காலனிக்குப் போகும் பாதையில் தெருவிளக்கு எரியவில்லை, அதனால் இரவு வட்டத்துக்கு வரப் பயமாக இருக்கிறது என்று மனு எழுதியிருந்தோம். அவர்களே எழுதினார்கள், நான் ஒரு சொல்கூடத் தொடவில்லை. மனுவை வாங்கிக்கொண்டார்கள். விளக்கு இன்னும் வரவில்லை. இப்போதைக்கு இரண்டு பேர் டார்ச் கொண்டுவந்து மற்றவர்களைக் கூட்டிப்போகிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் வழக்கம்போலத் தீர்மானப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். முதல் பதிவில் எழுதினேனே, கையெழுத்து மட்டும் போடுவேன் என்று சொன்ன அக்கா, அவரிடம் பேனாவைக் கொடுத்தார்கள். அவர் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இருங்க, படிச்சிட்டுப் போடுறேன்" என்றார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு பக்கம் வாசிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. சிலர் முணுமுணுத்தார்கள். தெருவிளக்கு பற்றிய வரி அதில் இல்லை. "எங்க மனு எங்க இருக்கு?" என்று கேட்டார். எழுத்தர் தனியாகக் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். "இதுல எழுதுங்க, நான் நிக்கிறேன்" என்றார். கடைசியில் எழுதினார்கள்.

ஜூன் 3-ம் தேதி நான் கிளம்புகிறேன். வகுப்பறைச் சாவி காலனி அக்காவிடமும் பதிவேடு எங்கள் தெரு அக்காவிடமும் இருக்கிறது. தேன்மொழி அக்கா, குடும்ப வன்முறைச் சட்டம் பற்றி நீங்கள் சொன்னதை எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா? பெரிய எழுத்தில் வேண்டும். ஜூலை மாதப் பாடமாக அதைத்தான் வைக்கப்போகிறோம் என்று செவ்வாய்க்கிழமை அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள், நான் இல்லாதபோது.

தேன்மொழி_வழக்கறிஞர்

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல். உன் பெயருக்கு வேண்டாம்.